யோசிக்கச் சொல்லித்தர முடியுமா? மருத்துவ மாணவர்கள் வட்டமாக உட்கார்ந்த கதை

இரண்டாம் ஆண்டில் முதல்முறையாக மெடிசின் வார்டுக்குப் போன அன்று நடந்தது இது. படுக்கையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர். மூச்சு வாங்குகிறது என்று முந்தைய நாள் இரவு வந்து சேர்ந்தவர். சார் என்னைப் பார்த்து, "மூச்சு வாங்கினா என்னவெல்லாம் இருக்கலாம்?" என்றார். விடியவிடியப் படித்துவிட்டுப் போயிருந்ததால் கடகடவென்று 14 காரணங்களை ஒப்பித்தேன். உள்ளூரக் கொஞ்சம் பெருமை வேறு. சார் முழுவதையும் கேட்டுவிட்டு, "சரிப்பா, இவருக்கு என்ன?" என்றார். அவ்வளவுதான், வாயைக் கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிட்டது.

பக்கத்தில் நின்ற பி.ஜி. அண்ணன் நோயாளியிடம் இரண்டே கேள்விகள் கேட்டார். "ராத்திரி படுத்தா மூச்சு திணறி எழுந்து உக்காருறீங்களாய்யா? கால் எப்போலேர்ந்து வீங்குது?" கழுத்தை ஒரு தடவை சாய்த்துப் பார்த்தார். "ஹார்ட் ஃபெயிலியர் சார்" என்றார். அரை நிமிடம் கூட ஆகவில்லை.

அன்றிலிருந்து என்னைக் குடைகிற கேள்வி: அண்ணன் என்னைவிட நன்றாக யோசித்தாரா, இல்லை என்னைவிட அதிகம் பார்த்திருந்தாரா? இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். கிடையாது. யோசிப்பது ஒரு தனித் திறமை என்றால், சைக்கிள் ஓட்டப் பழகுவதைப் போல அதை ஒருமுறை பழகிவிட்டு எந்த நோயாளியிடமும் பயன்படுத்தலாம். பார்த்ததுதான் காரணம் என்றால் குறுக்குவழியே இல்லை. பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். நூறு வருடங்களுக்கும் மேலாக மருத்துவக் கல்லூரிகள் இந்த இரண்டு பதில்களுக்கும் நடுவே ஊசலாடியிருக்கின்றன. மருத்துவர்கள் இதை 'கிளினிக்கல் ரீசனிங்' என்பார்கள். நான் இங்கே 'நோயறியும் சிந்தனை' என்று வைத்துக்கொள்கிறேன். (இதைவிட நல்ல சொல் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், மாற்றிவிடுகிறேன்.)

கதை ஒரு மாணவரிடமிருந்து ஆரம்பிக்கிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயமும் அதுதான்.

1890-களின் இறுதியில் ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார் வால்டர் கேனன். ஆபத்து வந்தால் உடல் சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தயாராகிறது என்று பிற்காலத்தில் சொல்லிப் புகழ்பெற்றாரே, அதே கேனன்தான். அப்போது அங்கே பாடம் என்றால் விரிவுரை. பெரிய கூடத்தில் உட்கார்ந்து மணிக்கணக்காகக் கேட்டுக்கொண்டே குறிப்பெடுக்க வேண்டும். கேனனின் அறைத் தோழர் ஹாரி பிகலோ சட்டம் படித்தவர். ஹார்வர்ட் சட்டப் பள்ளியில் 1870-ல் தலைமைக்கு வந்த கிறிஸ்டோபர் கொலம்பஸ் லாங்டெல் (ஆமாம், பெயரே அதுதான்!) அங்கே விரிவுரையைத் தள்ளிவிட்டு, உண்மையான வழக்குகளைக் கொடுத்து மாணவர்களை வாதாட வைக்கும் முறையைக் கொண்டுவந்திருந்தார். சட்ட மாணவர்கள் வகுப்பு முடிந்தபிறகும் அந்த வழக்குகளைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருப்பதைக் கேனன் பார்த்தார். தன் வகுப்பில் யாரும் எதைப் பற்றியும் சண்டை போடுவதில்லையே என்று யோசித்தார்.

வால்டன் என்ற நரம்பியல் ஆசிரியரிடம் போய்ப் பேசினார். வால்டன் தன்னிடம் வந்த ஒரு நோயாளியின் வரலாற்றை மட்டும் அச்சிட்டு மாணவர்களுக்குக் கொடுத்து ஒரு வாரம் அவகாசம் தந்தார். அடுத்த வகுப்பில் விவாதம் களைகட்டியது. 1900 ஜனவரியில் பாஸ்டன் மருத்துவ இதழ் ஒன்றில் கேனன் இதைக் கட்டுரையாகவே எழுதிவிட்டார். மருத்துவத்தையும் வழக்குகளைப் போலச் சொல்லித்தர வேண்டும் என்பதுதான் சாரம். எழுதும்போது அவர் இறுதியாண்டு மாணவர்! நம்மில் யாராவது இப்படி ஒரு கட்டுரை எழுதினால் துறைத் தலைவர் என்ன சொல்வார் என்று நினைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த யோசனையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டவர் ரிச்சர்ட் கேபட். மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் மருத்துவர். 1906-ல் நோயாளி வரலாறுகளை வைத்துப் பாடம் நடத்துவதற்கென்றே ஒரு புத்தகம் போட்டார். பிறகு அந்த மருத்துவமனையில் வாராவாரம் ஒரு கூட்டம் நடத்தத் தொடங்கினார். இறந்துபோன ஒரு நோயாளியின் வரலாறு கையில் கொடுக்கப்படும். ஒரு மருத்துவர் எல்லோர் முன்னிலையிலும் சத்தமாக யோசித்து, இன்ன நோய் என்று சொல்ல வேண்டும். கடைசியில் நோய்க்கூறியல் மருத்துவர் எழுந்து பிரேதப் பரிசோதனையில் என்ன தெரிந்தது என்று சொல்வார். தப்பாகச் சொன்னால் ஊரே பார்க்கும். 1920-களிலிருந்து அச்சாகத் தொடங்கிய இந்தக் கூட்டங்கள் நியூ இங்கிலாந்து ஜர்னலில் இன்றும் வந்துகொண்டிருக்கின்றன.

கேபட் ஏன் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருந்தார் என்பதற்கு 1912-ல் அவர் வெளியிட்ட இன்னொரு வேலை பதில் சொல்கிறது. 3000 பிரேதப் பரிசோதனைகளை எடுத்துக்கொண்டு, உயிரோடு இருந்தபோது மருத்துவர்கள் எழுதிய நோய்ப்பெயர் சரியா என்று ஒப்பிட்டார். சர்க்கரை நோய், டைபாய்டு போன்றவற்றைப் பெரும்பாலும் சரியாகப் பிடித்திருந்தார்கள். சிறுநீரகத்தின் திடீர் அழற்சி, இதய உறையின் அழற்சி போன்றவற்றில் தவறவிட்டதே அதிகம். தன் சொந்த மருத்துவமனையின் தவறுகளை அச்சில் போட்டதால் சக மருத்துவர்கள் அவர்மேல் எரிச்சல்பட்டார்கள். ஆனால் மாணவருக்கு யோசிக்கத் தெரியாமல் போனால் விலை கொடுப்பது யார் என்பதை அவ்வளவு வெளிப்படையாக அதற்குமுன் யாரும் எண்ணிக் காட்டியதில்லை.

இதே காலத்தில் பால்டிமோரில் வில்லியம் ஆஸ்லர் வேறொரு வழியில் போனார். 1893-ல் திறந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளியில் மாணவர்களைக் கூடத்திலிருந்து எழுப்பி வார்டுக்குள் கொண்டுபோய் விட்டார். ஒவ்வொருவருக்கும் சில படுக்கைகள். வரலாறு கேட்பது, பரிசோதிப்பது, சிறுநீரையும் ரத்தத்தையும் சோதித்துப் பார்ப்பது எல்லாம் மாணவர் பொறுப்பு. தன் கல்லறையில் மாணவர்களுக்கு வார்டில் பாடம் நடத்தியவர் என்பதைத் தவிர வேறெதுவும் எழுத வேண்டாம் என்று சொன்ன மனிதர். 1910-ல் ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவப் பள்ளிகளைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதியபோது இந்த ஹாப்கின்ஸ்தான் முன்மாதிரி. (ஃப்ளெக்ஸ்னர் மருத்துவரே இல்லை, பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டிருந்தவர்!) அந்த அறிக்கைக்குப் பிறகு நிலைபெற்றதுதான் முதல் இரண்டு வருடம் அறிவியல், அடுத்த இரண்டு வருடம் மருத்துவமனை என்ற பிரிவினை.

இந்தப் பிரிவினையால் ஒரு நல்லதும் ஒரு கெட்டதும் நடந்தன. போலிப் பள்ளிகள் மூடப்பட்டன. ஆனால் முதல் இரண்டு வருடங்களுக்கு மாணவர் கண்ணில் நோயாளியே படமாட்டார். ஆஸ்லரின் வார்டு மூன்றாம் வருடத்துக்குத் தள்ளிப்போனது, கேனன் சொன்ன விவாதம் காணாமல் போனது. அரை நூற்றாண்டு இப்படியே ஓடியது. 1952-ல் அமெரிக்காவின் க்ளீவ்லாந்தில் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகம் பாடங்களை உறுப்புவாரியாக ஒன்றுசேர்த்துப் பார்த்தது. நல்ல முயற்சிதான், ஆனால் உட்கார்ந்து கேட்பது மாறவில்லை.

இப்போது கனடாவுக்குப் போவோம். ஒன்டாரியோ மாகாணத்தில் ஹாமில்டன் என்று ஓர் எஃகு ஆலை நகரம். அங்கிருந்த மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் புதிதாக ஒரு மருத்துவப் பள்ளி தொடங்க முடிவெடுத்து, 1965-ல் ஜான் எவன்ஸ் என்ற இதய மருத்துவரை டீனாகப் போட்டது. அவருக்கு அப்போது 35 வயது. அவர் சேர்த்துக்கொண்ட ஆட்களும் ஏறக்குறைய அதே மாதிரி, தாங்கள் படித்த மருத்துவப் படிப்பு சலிப்பூட்டியது என்று வெளிப்படையாகச் சொன்னவர்கள். பழைய கல்லூரி என்றால் ஒவ்வொரு துறையும் தன் மணிநேரத்தை விட்டுக்கொடுக்காமல் சண்டை போட்டிருக்கும். இங்கே விட்டுக்கொடுக்கத் துறையே இல்லை. எல்லாவற்றையும் வெள்ளைத்தாளில் ஆரம்பித்தார்கள்.

1969-ல் முதல் வகுப்பில் 20 மாணவர்கள். விரிவுரைகளை ஓரத்துக்குத் தள்ளினார்கள். பெரிய தேர்வுகள் கிடையாது, மூன்றே வருடப் படிப்பு. அறிவியல் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இலக்கியம் படித்தவர்கள்கூட வரலாம். ஐந்தாறு பேர் கொண்ட குழு, ஒரு வழிகாட்டி ஆசிரியர், ஒரு நோயாளியின் பிரச்சினை. பாடம் அவ்வளவுதான். முதல் நாளிலிருந்தே.

எப்படி நடக்கும் என்று ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். இது நானே புனைந்த நோயாளி. 28 வயதுப் பெண், இரண்டு மாதமாகக் களைப்பு, மாடிப்படி ஏறினால் படபடப்பு. குழு முதலில் புரியாத சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்ளும். பிறகு என்னவாக இருக்கலாம் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். ஒருவர் ரத்தசோகை என்பார், இன்னொருவர் தைராய்டு என்பார், மூன்றாமவர் மனஅழுத்தம் என்பார். ஏன் ரத்தசோகையில் படபடப்பு வர வேண்டும்? பதில் தெரியாது. தெரியவில்லை என்பதை எழுதிக்கொள்வார்கள். அதுதான் வீட்டுப்பாடம். ஆக்ஸிஜனை எடுத்துப்போக ஆள் குறைந்தால் இதயம் என்ன செய்யும் என்பதைத் தேடிப் படித்துவிட்டு இரண்டு மூன்று நாள் கழித்துத் திரும்ப வந்து ஒருவருக்கொருவர் விளக்குவார்கள். வழிகாட்டி பதில் சொல்லக் கூடாது. "ஏன் அப்படிச் சொல்றே?" என்று கேட்கலாம். அவர் அந்தத் துறையில் நிபுணராக இருக்க வேண்டியதில்லை என்று ஆரம்பத்தில் நம்பினார்கள். இதைப் பற்றிப் பிற்பாடு பெரிய சண்டையே நடந்தது, அது தனிக் கதை.

இந்த முறைக்குப் பெரிய குரல் கொடுத்தவர் ஹோவர்ட் பாரோஸ். நரம்பியல் மருத்துவர், கொஞ்சம் நாடகக்காரரும் கூட. 1963-ல் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, ஒரு மாடல் பெண்ணுக்குப் பயிற்சி கொடுத்து நரம்பு நோய் உள்ள பெண்ணாக நடிக்கவைத்து மாணவர்களைப் பரிசோதிக்கச் செய்தவர். ஹாலிவுட் பக்கத்திலேயே இருந்ததால் செய்தித்தாள்கள் கேலி செய்து தீர்த்தன. இன்று உலகமெங்கும் மருத்துவத் தேர்வுகளில் வரும் 'நடிப்பு நோயாளி'யின் தொடக்கம் அதுதான். 1970-களில் மெக்மாஸ்டரில் வேலை செய்த பாரோஸ், 1980-ல் ராபின் டாம்ப்ளினுடன் சேர்ந்து இந்தக் குழு முறை பற்றிப் புத்தகம் எழுதினார்.

பாரோஸின் வாதம் எளிமையானது. நல்ல மருத்துவர் முதல் சில வினாடிகளிலேயே சில ஊகங்களை வைத்துக்கொள்கிறார். ஒவ்வொரு கேள்வியாலும் அவற்றைச் சோதிக்கிறார், சிலவற்றைத் தள்ளுகிறார். துப்பறிவாளர் மாதிரி. இது ஒரு திறமை. குழுவில் திரும்பத் திரும்பச் செய்தால் மாணவருக்கும் வந்துவிடும். நோய்களைப் பற்றிய தகவல் மறந்துபோகலாம், மாறியும் போகலாம். யோசிக்கும் முறை நிலைத்து நிற்கும்.

கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட்டில் 1974-ல் தொடங்கிய மருத்துவப் பள்ளி இதை ஏழு படிகளாக வகுத்துக்கொண்டது. ஆஸ்திரேலியாவின் நியூகாஸில் 1978-ல் சேர்ந்தது. 1985-ல் ஹார்வர்டே 'புதிய பாதை' என்ற பெயரில் ஏற்றுக்கொண்டது. கேனன் படித்த இடத்துக்கு அவர் கேட்டது வந்துசேர 85 வருடங்கள்.

ஆனால் ஹார்வர்ட் சேர்வதற்கு ஏழு வருடம் முன்பே அஸ்திவாரத்தில் விரிசல் விட்டிருந்தது.

மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆர்தர் எல்ஸ்டீன், லீ ஷுல்மன், சாரா ஸ்ப்ராஃப்கா என்று மூவர். மருத்துவர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்று நேரடியாகப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினார்கள். சக மருத்துவர்களிடம் கேட்டு, நோயறிவதில் கெட்டிக்காரர்கள் என்று பெயர் எடுத்தவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்படிப் பெயர் எடுக்காத சாதாரண மருத்துவர்களையும் எடுத்துக்கொண்டார்கள். நடிகர்களை நோயாளிகளாக உட்காரவைத்து எல்லாவற்றையும் வீடியோ எடுத்தார்கள். பிறகு மருத்துவருக்கே அதைப் போட்டுக் காட்டி, இந்த இடத்தில் என்ன நினைத்தீர்கள் என்று கேட்டார்கள்.

1978-ல் முடிவுகள் புத்தகமாக வந்தன. பாரோஸ் சொன்ன ஊகம் வைத்துச் சோதிக்கும் முறை உண்மையில் இருந்தது. எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். பிரச்சினை அந்த 'எல்லோரும்' என்பதில் இருக்கிறது. கெட்டிக்காரர்களும் சாதாரணர்களும் ஒரே மாதிரிதான் யோசித்தார்கள்! அதைவிட மோசம், ஒரு நோயாளியிடம் பிரமாதமாகச் செய்த மருத்துவர் அடுத்த நோயாளியிடம் அப்படிச் செய்வார் என்று சொல்ல முடியவில்லை. ஒருவருடைய வெற்றி அந்த நோயைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்பதைப் பொறுத்திருந்தது. எங்கும் எடுத்துப்போகக்கூடிய பொதுவான 'யோசிக்கும் திறமை' என்று ஒன்று கண்ணில் படவே இல்லை.

சரி, மிச்சிகன்காரர்கள் ஏதோ சொல்கிறார்கள் என்று மெக்மாஸ்டர் ஒதுக்கியிருக்கலாம். ஒதுக்கவில்லை. இந்த வரலாற்றிலேயே நான் மிகவும் மதிக்கும் இடம் இது. விக்டர் நியூஃபெல்ட், இயற்பியலிலிருந்து இந்தப் பக்கம் வந்த ஜெஃப்ரி நார்மன், பாரோஸ் ஆகியோர் சேர்ந்து தங்கள் மாணவர்களையே வருடாவருடம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். 1981-ல் வெளியிட்டார்கள். முதலாண்டு மாணவரும் ஆரம்பத்திலேயே ஊகம் வைக்கிறார், சோதிக்கிறார். படித்து முடித்தவரும் அதையே செய்கிறார். முறை மாறவில்லை. மாறியது ஊகங்களின் தரம்தான். அதாவது, எதைச் சொல்லித்தருவதற்காகப் பள்ளியைக் கட்டினார்களோ அது மாணவர்கள் வரும்போதே கையோடு கொண்டுவந்த ஒன்று. இதை எழுதியவர்கள் பட்டியலில் பாரோஸின் பெயரும் இருக்கிறது.

அப்படியானால் பி.ஜி. அண்ணனிடம் இருந்தது என்ன? விடை சதுரங்கத்திலிருந்து வந்தது. 1973-ல் சேஸ், சைமன் என்ற இருவர் செய்த சோதனை. நிஜ ஆட்டத்தின் பலகையைச் சில வினாடிகள் காட்டினால் பெரிய ஆட்டக்காரர் காய்களை அப்படியே திரும்ப அடுக்கிவிடுவார். காய்களைக் கன்னாபின்னாவென்று வைத்துக் காட்டினால் அவரும் நம்மைப் போலத்தான். ஆக, நினைவாற்றல் பெரிது இல்லை. ஏற்கெனவே பார்த்த ஆயிரக்கணக்கான அமைப்புகள் உள்ளே இருக்கின்றன.

மருத்துவத்திலும் அதேதான் என்று மாஸ்ட்ரிக்ட்டைச் சேர்ந்த ஹென்க் ஷ்மிட், போஷ்யூசன் ஆகியோரும் நார்மனும் 1990 வாக்கில் விளக்கினார்கள். ஒரு நோய் யாருக்கு வரும், எப்படி ஆரம்பிக்கும், எப்படிப் போகும் என்பது அனுபவசாலியின் மனதில் ஒரு கதைச்சுருக்கம் மாதிரி இருக்கிறது. ஒவ்வொரு நோயாளியைப் பார்க்கும்போதும் அந்தக் கதை கூர்மையாகிறது. உடற்செயலியல், நோய்க்கூறியல் எல்லாம் அதற்குள் மடிந்து கிடக்கும், தேவைப்பட்டால் பிரித்துக்கொள்ளலாம். ஒரு வேடிக்கை சொல்கிறேன். ஒரு நோயாளியின் விவரத்தைப் படிக்கக் கொடுத்துவிட்டு நினைவிலிருந்து எழுதச் சொன்னால் அதிகம் எழுதுவது நிபுணர் அல்ல, பாதிப் படிப்பில் இருக்கும் மாணவர்! நிபுணருக்கு எது தேவையில்லை என்று தெரியும். என் 14 காரணங்கள் ஞாபகம் வருகின்றனவா?

ஜார்ஜ் போர்டாஜ் கவனித்த இன்னொன்றும் இங்கே உதவும். நோயாளி, "நேத்து ராத்திரி கால் கட்டைவிரல் வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகுது சார், போன வருஷமும் இப்படித்தான் வந்துச்சு" என்கிறார். சுமாரான மாணவர் மனதில் இது கட்டைவிரல் வலி என்று தங்கும். நல்ல மாணவர் உடனே மொழிபெயர்த்துவிடுவார்: திடீரென வந்தது, திரும்பத் திரும்ப வருவது, ஒரே மூட்டு. இந்த மூன்று சொற்கள் போதும், கௌட் என்ற கதை தானே எழுந்து வரும். நோயாளியின் பேச்சை இப்படிப் பொதுவான சொற்களுக்கு மாற்றுவதைப் பழக்கப்படுத்தலாம். ஆனால் எழுந்து வருவதற்கு அந்தக் கதை உள்ளே இருக்க வேண்டுமே.

இதற்கிடையில் குழு முறைக்கு வெளியிலிருந்தும் அடி விழுந்தது. 1993-ல் ஒரே மருத்துவக் கல்வி இதழில் இரண்டு பெரிய தொகுப்பாய்வுகள் வந்தன. மாணவர்களுக்கு இந்த முறை பிடித்திருக்கிறது, நோயாளியைக் கையாள்வதில் கொஞ்சம் மேல், அடிப்படை அறிவியல் தேர்வில் கொஞ்சம் கீழ். இதற்கா இத்தனை அமர்க்களம் என்று கேட்டார்கள். மெக்கில் பல்கலைக்கழகத்தின் விம்லா படேலும் கூட்டாளிகளும், குழு முறையில் படித்தவர்கள் ஊகத்திலிருந்து பின்னோக்கி விளக்கம் கட்டுகிறார்கள், விளக்கம் நீளமாக இருக்கிறது, அதில் தவறுகளும் சேர்ந்து வருகின்றன என்று காட்டினார்கள். 1980-களின் இறுதியில் மெக்மாஸ்டர் மாணவர்கள் கனடாவின் உரிமத் தேர்வில் மற்றவர்களைவிட அதிகமாகத் தோற்றார்கள். தேர்வே வேண்டாம் என்று தொடங்கிய பள்ளி 1990-களில் அடிக்கடி வைக்கும் ஒரு முன்னேற்றத் தேர்வைக் கொண்டுவந்தது. 2000-ல் ஜெர்ரி காலிவர் என்பவர், இந்த முறை அறிவையோ திறனையோ பெரிதாகக் கூட்டுகிறது என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்று எழுதினார். அவர் எங்கிருந்து எழுதினார் தெரியுமா? தெற்கு இல்லினாய் பல்கலைக்கழகத்திலிருந்து. பாரோஸ் 1981-லிருந்து வேலை பார்த்த அதே பள்ளி!

இந்த இடத்தில் குழு முறை செத்திருக்க வேண்டும். சாகவில்லை. எனக்குத் தோன்றுவது இதுதான்: காரணம் தப்பாக இருந்தாலும் செய்தது பாதி சரியாக இருந்தது. குழுவில் உட்கார்ந்தவருக்குப் பொதுவான திறமை ஒன்றும் வரவில்லை. ஆனால் அவர் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார், தாளில் என்றாலும். தான் நினைப்பதை வாய்விட்டுச் சொன்னார். தான் தவறவிட்டது இன்னொருவர் வாயிலிருந்து வருவதைக் கேட்டார். விரிவுரைக் கூடத்தில் இந்த மூன்றும் நடக்காது. கேபட்டின் கூட்டத்தில்கூட ஒருவர்தான் யோசித்தார், மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

தேவை, குழுவுக்குள் எதைப் போடுவது என்பதை மாற்றுவது. ஒரு பிரச்சினையை வாரக்கணக்கில் கிண்டுவதைவிட நிறைய நோயாளிகள் வேண்டும். அதுவும் ஒன்றுக்கொன்று குழப்பக்கூடியவர்கள் பக்கத்துப் பக்கத்தில் வர வேண்டும். 2003-ல் மெக்மாஸ்டர்க்காரர்கள் ஈ.சி.ஜி. படிக்கச் சொல்லித்தந்து சோதித்தார்கள். ஒரு நோயின் ஈ.சி.ஜி.க்களை மொத்தமாகப் பார்த்துவிட்டு அடுத்த நோய்க்குப் போனவர்களைவிட, கலந்து கலந்து பார்த்தவர்கள் தேர்வில் நன்றாகச் செய்தார்கள். இது நமக்குத் தெரிந்ததுதான். பாட வாரியாகப் பயிற்சிக் கணக்கு போடும்போது எல்லாம் வரும், முழுத்தேர்வில் எந்தச் சூத்திரம் என்று முழிப்போமே, அதே கதை.

ஹார்வர்ட் 2015-ல் பழைய குழு முறையை விட்டுவிட்டு வேறொன்றுக்கு மாறியது. முன்பே படித்துவிட்டு வர வேண்டும், வகுப்பில் நாலு நாலு பேராகக் கேஸைப் பற்றி முடிவெடுத்து, மொத்த வகுப்பின் முன் அதற்கு வாதாட வேண்டும். இந்தியாவிலும் 2019-ல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் மாறியபோது சிறு குழுக் கற்றல் காகிதத்தில் வந்துவிட்டது. காகிதத்திலிருந்து வெளியே வருவது கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடும். நான் பார்த்த சிறு குழு ஒன்றில் 30 பேர் இருந்தோம். ஆளுக்கு ஒரு தலைப்பைப் பிரித்துக்கொண்டு இணையத்திலிருந்து எடுத்ததை வாசித்தோம். கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தோம்.

எனக்குப் பிடித்த வடிவம் நெதர்லாந்தில் இருக்கிறது. 1990-களில் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் ஓலே டென் காட்டேயும் கூட்டாளிகளும் உருவாக்கியது. பின்பு ஜார்ஜியா, உக்ரைன் வரை போயிருக்கிறது. 10, 12 மாணவர்கள். ஒவ்வொரு முறையும் அவர்களில் மூவர் ஆசிரியர்கள். அந்த மூவரிடம் மட்டும் நோயாளியின் கூடுதல் விவரங்கள் இருக்கும். மற்றவர்கள் கேட்டால்தான் கொடுப்பார்கள். நெஞ்சு எக்ஸ்ரே வேண்டும் என்றால், ஏன் வேண்டும், அதில் என்ன எதிர்பார்க்கிறாய் என்று சொல்ல வேண்டும். மருத்துவர் ஒருவர் ஓரமாக உட்கார்ந்திருப்பார். ஆலோசனை கேட்டால் சொல்வார். எல்லோருக்கும் ஒருமுறையாவது ஆசிரியர் முறை வந்தாக வேண்டும்.

இதில் ஒரு ரகசியம் உண்டு. விடை தெரிந்த மூவரும், தெரியாதவர்கள் எங்கே வழி தவறுகிறார்கள் என்று உட்கார்ந்து பார்க்கிறார்கள். முந்தைய நாள் தாங்களே அதே இடத்தில் தவறியிருப்பார்கள். இதைப் பேராசிரியரால் செய்ய முடியாது. அவருக்கு அந்த இடம் மறந்து பல வருடம் ஆகியிருக்கும்.

இதைப் படித்தபிறகு ஹாஸ்டலில் நாங்கள் ஆறு பேர் ஆரம்பித்திருக்கிறோம். புதன்கிழமை இரவு, மெஸ் மூடியபிறகு. ஒருவர் வார்டில் பார்த்த நோயாளியைப் பெயர் அடையாளம் எதுவும் இல்லாமல் எடுத்து வர வேண்டும். கேட்காத எதையும் சொல்லக் கூடாது. முதல் மூன்று புதன்களில் மூச்சு வாங்குகிற மூன்று பேரைப் பார்த்தோம். ஒன்று இதயம், ஒன்று நுரையீரல், மூன்றாவது கடும் ரத்தசோகை. மூன்றாவதை ஐந்து பேருமே கோட்டை விட்டோம். கண் இமையை இழுத்துப் பார்த்தாயா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

வரும் புதன் என் முறை. கேஸ் தயார். என்னவென்று இங்கே எழுத முடியாது, மற்ற ஐந்து பேரும் இதைப் படிக்கிறார்கள். மூச்சு வாங்குவது இல்லை, அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.